கிளட்ச்சில் வைத்த கால்

அர்த்தனாரியின் இடது கால் அவனிடம் திரும்பி வந்தபோது இபுராகிம் பாய் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார், அதனால் அதை முதலில் பார்த்திருக்க வேண்டியவர் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டிய இன்னொருவனான அர்த்தனாரியோ ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியே பட்டறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான், பல வருஷம் கழித்து ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தவனுக்குக் குனிந்து தன் காலைப் பார்க்கத் தோன்றாது.

"மிதி," என்றார் பாய் கீழேயிருந்து.

மிதித்தான்.

"விடு."

விட்டான்.

"மறுக்கா மிதி. அப்படியே புடிச்சுக்க, காத்து வருது பாரு, சோப்புத் தண்ணியாட்டம்... ம், விடு."

கிளட்ச் குழாயில் சிக்கிக்கொண்டிருந்த காற்றெல்லாம் கொப்புளம் கொப்புளமாக வெளியே போய்த் தீரும்வரை ஒருவர் சொல்ல ஒருவன் மிதிக்க, மிதிக்கச் சொன்னவருக்கும் மிதித்தவனுக்கும் அதில் வித்தியாசமாக ஒன்றும் படவில்லை. பிறகு பாய் முதுகாலேயே ஊர்ந்து வெளியே வந்து, கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு, பெடலுக்குப் பக்கத்தில் எங்காவது எண்ணெய் கசிகிறதா என்று பார்க்கக் கதவைத் திறந்து குனிந்தார். பெடல் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தது. அதன்மேல் ஒன்றும் இல்லை. அர்த்தனாரியின் லுங்கி எப்போதும்போல முழங்காலுக்கு மேலே மடித்து ஊக்குப் போட்டபடி இருந்தது, அதற்குக் கீழே வெறும் வெளிச்சம்.

"லீக்கு இல்ல," என்றார் பாய். அவர் பார்க்கக் குனிந்தது அதைத்தான்.

அப்போதுதான் அர்த்தனாரியும் குனிந்து பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏனுங் பாய், இப்படியே புடிச்சுட்டு இருக்கட்டுமா, விட்ரட்டுமா?" என்று கேட்டான்.

அந்த வண்டி சங்ககிரிப் பக்கத்து மொரம்புமேட்டுப் பட்டறைத் தெருவுக்கு வந்து சேர்ந்தது, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக்கு வண்டிகள் வைத்திருந்த ஒரு மொதலாளியின் மகன் தீபனால். லாரிகளைத் தவிர வேறெதையும் வண்டி என்று மதிக்காத அந்தத் தெருவில், மூக்கு மட்டுமே ஒரு ஆட்டோ நீளத்துக்கு இருந்த, இரண்டே கதவுள்ள, எட்டு சிலிண்டர் வைத்த அமெரிக்கக் கார் ஒன்று டிராக்டரால் இழுபட்டு வந்து நின்றபோது டிங்கர்காரர்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்து சுற்றிப் பார்த்தார்கள். ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. கியர் போடும் வேலையே இல்லை, வண்டி தானாக மாற்றிக்கொள்ளும், காலுக்கு இரண்டே பெடல். ஆனால் அந்தத் தானாக மாற்றிக்கொள்ளும் கியர் பொட்டி செத்துப்போயிருந்தது, அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

"பொட்டிய எறக்கிப்போட்டு நம்மூர்ப் பொட்டி ஒண்ணு ஏத்தி, கையில கியர் போடறாப்பல பண்ணிக் குடுங்க பாய்," என்றான் தீபன். "எனக்கும் அதுதான் வேணும். கியர் போடாம ஓட்டறதுக்கு ஊட்டுல சோபாவுல உக்காந்திருக்கலாமே."

அப்படியே செய்தார்கள். செத்த பொட்டியை இறக்கியபோது அதிலிருந்து ரத்தம் மாதிரி சிவந்த எண்ணெய் கொட்டி மண்ணில் ஊறியது, நாய் ஒன்று வந்து முகர்ந்துவிட்டுப் போனது. இஞ்சினுக்கும் புதுப் பொட்டிக்கும் நடுவே பொருத்த லேத்தில் ஒரு தட்டு கடைந்தார்கள், கியர் தண்டு மேலே வரத் தரைத் தகட்டை வெட்டினார்கள், அகலமாகப் பலகைபோல இருந்த பிரேக் பெடலைப் பாதியாக அறுத்து அதன் இடப்பக்கம் மூன்றாவது பெடலுக்கு இடம் பண்ணினார்கள். பொட்டியும் பெடலும் பழைய இரும்புக் கடையில் நசுங்கிக் கிடந்த ஒரு வேனிலிருந்து வந்தன. பட்டறையில் சாமான் கழுவும் வேலை அர்த்தனாரிக்கு. ஸ்டூலில் உட்கார்ந்து, கக்கத்துக் கட்டையைப் பக்கத்தில் சாய்த்து, டீசல் தொட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே வந்தவன், அந்தப் பெடலின் கம்பியில் கால் வழுக்காமலிருக்கத் தானே வைக்கச் சொன்ன வெல்டிங் தழும்பைக் கண்டான். அது அவன் ஓட்டிய வேன். விடிகாலையில், விளக்கில்லாமல் ரோட்டில் நின்ற டிரெய்லருக்குள் போய்ச் செருகி, அவன் இடது காலையும் அவன் மனைவி சிந்தாமணியையும் எடுத்துக்கொண்ட வேன். கால் வரும்வரை அதை யாரிடமும் சொல்லவில்லை. நன்றாகக் கழுவி, துடைத்து, துணியில் சுற்றி பாயின் மேசைமேல் வைத்தான்.

கால் வந்துவிட்டது என்று தெரிந்ததும் தெரு அதைத் தன்னால் முடிந்த விதத்தில் எடுத்துக்கொண்டது. டீக்கடை அக்கா மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்து பெடலில் பூசினாள், பூசும்போது உள்ளங்கால் சூடாக இருந்ததாகச் சொன்னாள். நகம் வெட்ட வேண்டியிருக்குமே என்று யாரோ கவலைப்பட, சலூன்காரர் வந்து பெடலுக்கு மேலே காற்றில் தடவிப் பார்த்துவிட்டு இப்போதைக்குத் தேவையில்லை என்றார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் வந்து ரொம்ப நேரம் யோசித்து, "காலுக்கு லைசென்ஸ் இருக்குது, ஆளுக்குத்தான் இல்ல," என்று தீர்ப்புச் சொன்னார். வண்டியை விட்டு இறங்கினால் கால் கூடவே வராது, கட்டைதான். ஏறி உட்கார்ந்தால் கிளட்ச் மிதிக்க மட்டும் வரும். சொறிந்துகொள்ளலாம் என்று அர்த்தனாரி பார்த்தான், சொறிய அங்கே ஒன்றும் இல்லை. அந்தக் கால் அந்த வேலைக்கு மட்டும் வந்தது.

அப்புறம் லாரிக்காரர்கள் வந்தார்கள். ஜாக்கியில் விரல் போனவர், பெல்ட்டில் கை போனவர், கண் போனவர், ஒருவர் பின் ஒருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, போனதை நீட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினார்கள். யாருக்கும் ஒன்றும் வரவில்லை. கோபித்துக்கொள்ளக்கூட அவர்களுக்குத் தெம்பில்லை. பாய் ஒவ்வொருவருக்கும் டீ சொல்லி, மெதுவாக எடுத்துச் சொன்னார்: "இந்தப் பெடல் அவன் வேன்ல இருந்தது. அவன் வேன்ல என்ன போச்சோ, அதுதான் இதுல ஒட்டிட்டு வந்திருக்குது. உங்களுது உங்க வண்டியில இருக்கும், எங்க கெடக்குதோ."

அதை அர்த்தனாரியும் கேட்டான். கேட்டவன் கையிலிருந்த பிரஷ் நின்றது.

தீபன் வந்து வண்டியைக் கேட்டபோது பாய் சாவியைக் கொடுத்தார். தெருக்கோடி வரை போவதற்குள் தீபன் திரும்பி வந்துவிட்டான், முகம் வெளுத்து.

"பாய், கிளட்ச்சுல கால வெச்சா ஏங்காலுக்கடியில இன்னொரு காலு இருக்குதுங்க."

"இருக்கும்."

"நான் மிதிச்சா அதுக்கு வலிக்குமுங்களா?"

அர்த்தனாரி ஸ்டூலிலிருந்தபடி சொன்னான், "லேசா வலிச்சுது."

தீபன் கெட்ட பையனில்லை. அடுத்தவன் காலை மிதித்து ஓட்டுவதில் அவனுக்கும் இஷ்டமில்லை. ஆடி நோம்பி வரைக்கும் வண்டி இங்கேயே நிற்கட்டும், அதற்குள் ஏதாவது வழி பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து அர்த்தனாரி சீட்டைத் தேடினான். வேனில் சிந்தாமணி உட்கார்ந்திருந்த முன் சீட்டு. பெடலில் கால் ஒட்டிக்கொண்டு வந்தால் சீட்டில் அவள் ஒட்டிக்கொண்டுதானே இருப்பாள், இது சின்னக் குழந்தைக்கும் புரிகிற கணக்கு என்று அவன் சொன்னபோது தெருவில் யாரும் மறுக்கவில்லை, மறுக்கிற மாதிரி எதுவும் யாரிடமும் இல்லை. சாவுக்கு வந்த எல்லாரும் அன்றைக்கு அவனிடம் ஒரே ஆறுதலைத்தான் சொல்லியிருந்தார்கள்: தூக்கத்துலயே போயிட்டா, ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. அந்த ஆறுதல்தான் இத்தனை வருஷமாக அவனைத் தின்றது. கூடவே இருந்தவள், ஒன்றும் தெரியாமல், ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு வார்த்தை கேட்காமல் போயிருக்கிறாள். அவள் கிடைத்தால் ஒரு வார்த்தை பேச வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பழைய இரும்புக் கடையில் சீட்டு இல்லை. அங்கிருந்து அது ஒரு போர்வெல் ஆபீஸுக்குப் போய், அங்கிருந்து ஒரு கோழிப்பண்ணைக் காவல் கொட்டகைக்குப் போய், கடைசியில் திருச்செங்கோட்டில் ஜாக்கெட் தைக்கிற ஒரு அம்மாவின் வீட்டு வாசலில், அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்காருகிற இடமாகக் கிடந்தது. அவனோடு தேடப் போனவள் ராசாமணி, சிந்தாமணியின் தங்கை. அக்காவை மாதிரியே கழுத்து, ஆனால் அக்காவுக்கு இல்லாத வாய்.

"இந்தச் சீட்டுல உக்காந்தா உங்களுக்கு ஏதாச்சும் ஆகுமுங்களா?" என்று தையல்காரம்மாவிடம் ராசாமணி கேட்டாள்.

"என்ன ஆகறது? தூக்கம் வரும். அளவு எடுக்கறதுக்குள்ள அம்புட்டுப் பேரும் தூங்கிப்போயிருவாங்க," என்றாள் அந்த அம்மா.

ராசாமணி அர்த்தனாரியைப் பார்த்தாள். "மாமா, இது அவளுதுதான்."

சீட்டை மாட்டுவதில் தெருவுக்குள் சண்டை வந்தது. வேனில் சிந்தாமணி உட்கார்ந்தது இடது பக்கம். பொண்டாட்டி உட்காரவேண்டியதும் இடது பக்கம். இந்த வண்டியிலோ இடது பக்கம் ஸ்டியரிங். வலது பக்கம் மாட்டினால் அவளுக்குத் தன் இடம் தெரியாமல் போய்விடும் என்றார் வெல்டர் சின்ராசு. "அப்ப அவ மடியில உக்காந்து இவன் ஓட்டட்டுமா?" என்று டீக்கடை அக்கா கேட்டதும் சண்டை முடிந்தது. வலது பக்கம் மாட்டினார்கள்.

மாட்டியதும் ஒன்றும் ஆகவில்லை. இஞ்சினைப் போட்டதும் ஒன்றும் ஆகவில்லை. சீட்டு காலியாக, ரெக்சின் கிழிந்து, பஞ்சு தெரியக் கிடந்தது. ராசாமணி பின்னால் ஏறிக்கொள்ள, அர்த்தனாரி வண்டியை மெதுவாகத் தெருவை விட்டு வெளியே எடுத்தான், இல்லாத காலால் கிளட்சை மிதித்து, வலது கையால் கியரைத் தள்ளி, அந்தக் கை மாறிய பழக்கத்துக்கு இன்னும் பழகாமல். ரைஸ்மில்லைத் தாண்டி இரண்டாவது கியருக்கு மாற்றியபோது பக்கத்துச் சீட்டின் ஸ்பிரிங் பெருமூச்சு விட்டு அமுங்கியது. தேங்காயெண்ணெய் வாசம் வந்தது. பிறகு அவன் வலது தோளில் மெதுவாக ஒரு கனம் வந்து இறங்கி, சட்டை அங்கே கசங்கியது, கசங்கிய இடம் சூடானது, அந்தச் சூடு ஏறியும் இறங்கியும் மூச்சு விட்டது. சிந்தாமணி எப்போதும் இடப்பக்கமாகச் சாய்ந்து தூங்குகிறவள். வேனில் இடப்பக்கம் கண்ணாடி இருந்தது, உயிரோடிருந்தவரை கண்ணாடியில்தான் தலையை வைத்துத் தூங்கினாள். இந்த வண்டியில் அவளுக்கு இடப்பக்கம் அவன் இருந்தான்.

"அக்காவா மாமா?" என்றாள் ராசாமணி பின்னாலிருந்து, மெல்ல.

"ம்."

"தூங்கறாளா?"

"ம்."

"வண்டியில ஏறுனா வேற என்ன வேல இவளுக்கு," என்று சொல்லிவிட்டு ராசாமணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

எழுப்பிப் பார்த்தார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், ஹாரன் அடித்தார்கள், ராசாமணி அவள் காது இருக்கும் இடம் என்று நினைத்த இடத்தில் சின்ன வயசுச் சண்டைகளையெல்லாம் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். மூச்சு மாறவில்லை. ஓடுகிற வண்டியில் சிந்தாமணியை எழுப்ப அவள் உயிரோடிருந்தபோதும் யாராலும் முடிந்ததில்லை; வண்டி நின்றால் மட்டும் அந்த விநாடியே முழித்துக்கொள்வாள். அது அவர்களுக்கு ஞாபகம் வந்தபோது ரயில்வே கேட் எதிரே வந்துவிட்டது, கேட் மூடியிருந்தது, நிறுத்த வேண்டியதாயிற்று.

சக்கரம் நின்றது. தோளிலிருந்து கனம் எழுந்தது. தூக்கம் கலைந்த, கொஞ்சம் கரகரத்த குரல், அவன் இந்த உலகத்தில் வேறெதற்கும் அடையாளம் தெரியாமல் போனாலும் தெரிந்துகொள்ளக்கூடிய குரல், பக்கத்துச் சீட்டிலிருந்து கேட்டது:

"ஏனுங், வண்டி நின்னுபோச்சு?"

அவளிடம் சொல்ல அவனிடம் எவ்வளவோ இருந்தது. எல்லாம் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தன. வந்ததில் வெளியே போனது இதுதான்:

"கேட் போட்டுட்டாங்க."

சீட்டின் ஸ்பிரிங் மேலே எழும்பியது. வாசம் போனது. ரயில் வந்து, போய், கேட் திறந்து, பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து, சுற்றிக்கொண்டு போனான். அர்த்தனாரி அங்கேயே உட்கார்ந்திருந்தான். "கேட்டாம் கேட்டு," என்று ராசாமணி பின்னால் சொல்லிக்கொண்டிருந்தாள், "கேட்டாம் கேட்டு."

தெரு அதையும் எடுத்துக்கொண்டது. ஓட்டினால் வருவாள், தூங்குவாள். நிறுத்தினால் முழிப்பாள், ஒரே கேள்வி கேட்பாள், ஒரு மூச்சு நேரம் இருப்பாள், போய்விடுவாள். அந்த ஒரு மூச்சுக்குள் என்ன சொல்வது என்பது மொரம்புமேட்டின் பொதுவேலை ஆயிற்று. டீ குடிக்கும்போது, பெயிண்ட் காயும்போது, லேத் ஓடும்போது அதே பேச்சு.

"சுத்தி வளைக்காம, 'சிந்தாமணி, கீழ எறங்கி ஓடிரு'ன்னு சொல்லு," என்றார் சின்ராசு.

"தூங்கி எந்திரிச்சவகிட்ட அப்படிச் சொன்னா பயந்துக்க மாட்டாளா?" என்றாள் டீக்கடை அக்கா. "காப்பி வேணுமான்னு கேளு மொதல்ல."

"காப்பி கேக்கறதுக்கா இவன் இந்தப் பாடு படறான்?"

"நீங்க ஒருக்காவாச்சும் உங்க ஊட்டம்மாகிட்டக் கேட்டிருந்தா தெரியும் அது எவ்வளவு பெரிய வார்த்தைன்னு."

ரெண்டையும் சேர்த்துச் சொல்லச் சொன்னார்கள், மூச்சு போதவில்லை. தெருவிலுள்ளவர்கள் தங்கள் தங்கள் வீட்டில் தூங்குகிறவர்களை எழுப்பி வாக்கியங்களைச் சோதித்துப் பார்த்தார்கள், திட்டு வாங்கினார்கள். அர்த்தனாரி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தான். புளியமரத்தடியில் நிறுத்தி, நீ இல்லாமல் முடியவில்லை என்றான். ஏரிக்கரையில் நிறுத்தி, எனக்கு ஒரு கால் போய்விட்டது என்றான். கோயில் முகப்பில் நிறுத்தி, நீ செத்துப்போய்விட்டாய் கண்ணு என்றான். ஒவ்வொரு முறையும் அவன் வாக்கியம் முடிவதற்குள்ளோ, முடிந்து அவள் வாய் திறப்பதற்குள்ளோ ஸ்பிரிங் எழும்பியது. மறுபடி ஓட்டினால் மறுபடி வந்து தோளில் சாய்ந்தாள், மறுபடி நிறுத்தினால் ஒன்றுமே சொல்லப்படாதவளாக, அதே கரகரப்போடு, ஏனுங் வண்டி நின்னுபோச்சு என்றாள். அவன் சொன்ன எதுவும் அவளிடம் சேரவில்லை. காலுக்கு மிதிக்க மட்டும் தெரிந்த மாதிரி, அந்தச் சீட்டில் ஒட்டியிருந்த சிந்தாமணிக்குத் தூங்கவும் அந்த ஒன்றைக் கேட்கவும் மட்டும்தான் தெரிந்திருந்தது.

ஒருநாள் பட்டறைக்குத் திரும்பி வண்டி நின்று, கேள்வி வந்து, சீட்டு எழும்பியதும், ராசாமணி பின்கதவு இல்லாத அந்த வண்டியிலிருந்து முன்சீட்டை மடக்கி, அதன்மேல் கால் படாமல் தாண்டி இறங்கினாள்.

"நான் இனிமே வரல மாமா."

"ஏன் கண்ணு?"

"அன்னிக்கு வண்டி நின்னப்பத்தான் அவ செத்தா. நீங்க நிறுத்தற ஒவ்வொருக்காவும் எங்கக்கா சாவறா. நீங்க பேசோணும்னு நிறுத்தறீங்க, நான் பின்னால உக்காந்து எத்தன தடவ பாக்கறது?"

அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவன் வண்டியை எடுக்கவில்லை. டீசல் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, கழுவினதையே திரும்பக் கழுவினான். எடுத்தால் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் சாவாள், எடுக்காவிட்டால் அவள் எங்கும் இல்லை. யாரிடமாவது கேட்டால் வழி சொல்லுவார்கள் என்கிற மாதிரிக் கஷ்டம் இல்லை இது, அதனால் தெருவும் அவனிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டது.

ஆடி நோம்பிக்கு முன்னால் தீபன் வந்தான். நிற்காமல் நின்று, உட்காராமல் உட்கார்ந்து, கடைசியில் சொன்னான்: கொச்சியில் ஒருத்தரிடம் அந்த அமெரிக்கப் பொட்டி, தானாகக் கியர் மாற்றுகிறதே அது, நல்ல நிலையில் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை வந்து சேரும். பழையபடி ரெண்டு பெடலாக மாற்றிக் கொடுத்துவிட வேண்டும். "என்னைத் தப்பா நெனைக்காதீங்கண்ணா. அந்தப் பெடல், சீட்டு எல்லாம் கழட்டி உங்ககிட்டயே குடுத்தர்றேன்."

"கழட்டுனா அதெல்லாம் சும்மா இரும்பு தம்பி," என்றான் அர்த்தனாரி. "பாய்கிட்டக் கேட்டுப் பாரு."

மூன்றாவது பெடலைக் கழற்றிவிட்டால் மிதிக்க இடமில்லாத கால் எங்கே போகும் என்பது பாய்க்கும் தெரியாது.

தீபன் போனதும் அர்த்தனாரி சொன்னான், "பாய், ஒரே ஒரு தடவ எடுக்கறேன். அவளுக்குத் தெரியாம நிறுத்திர்றேன்."

நின்றது தெரியாமல் நிறுத்துவது. நிறைய பேரை ஏற்றிக்கொண்டு நிறைய வருஷம் ஓட்டியவன் அவன், குழந்தை தூங்கினால் குழந்தைக்குத் தெரியாமல் நிறுத்தியிருக்கிறான். சிந்தாமணிக்குத் தெரியாமல் மட்டும் ஒருநாளும் முடிந்ததில்லை. கடைசித் தடவை அவள் சாகாமல் வண்டி நின்றால் போதும். பேச வேண்டாம். அவளோடு பேசுவதை அவன் விட்டுவிட்டான். அதை விட்டபோது அவன் முகம் எப்படி ஆயிற்றென்று பார்த்தவர் பாய் ஒருவர்தான், அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

தெரு மறுபடி எழுந்தது. குழிகளில் தார் கொட்டி இடித்தார்கள். பட்டறைக்கு முன்னாலிருந்த வேகத்தடையைக் கடப்பாரையால் பெயர்த்து எடுத்து, அந்த இடத்தை மணல் போட்டுத் தேய்த்தார்கள். நாய்களைப் பிடித்துத் தூரத்தில் கட்டினார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் லேத் நின்றது, கம்ப்ரசர் நின்றது, டிங்கர்கள் சுத்தியலுக்குத் துணி சுற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, திருவிழாவில் தேர் பார்க்கிற மாதிரி இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். ராசாமணியும் வந்தாள். வண்டியில் ஏறவில்லை, கூட்டத்தோடு நின்றாள்.

வண்டி தெருமுனையில் திரும்பியபோது அவன் தோள் சட்டை கசங்கியிருப்பதை எல்லாரும் பார்த்தார்கள். நடக்கிற வேகம், அப்புறம் நடை பழகுகிற குழந்தையின் வேகம், அப்புறம் நிழல் நகருகிற வேகம். முதல் கியரிலேயே வந்தவன், இஞ்சின் திணறாமல் கிளட்சை மிதித்து உருளவிட்டான். எந்த இடத்தில் நின்றது என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கே தெரியவில்லை. ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்ற வண்டி ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

தோளில் மூச்சு ஒருதரம் தடைப்பட்டது. "ஏனுங்..." என்று குரல் எழும்பியது.

"நிக்கல," என்றான் அர்த்தனாரி. "போயிட்டுத்தான் இருக்கறம். நீ தூங்கு."

ஸ்பிரிங் எழும்பவில்லை. தோளில் கனம் இன்னும் கொஞ்சம் வசதியாகச் சாய்ந்து, மூச்சு பழையபடி ஏறி இறங்கத் தொடங்கியது. டீக்கடை அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நின்ற வண்டியில், பட்டறை வாசலில், சிந்தாமணி இருந்தாள்.

அதற்கு மேல் என்ன என்று ஒருவரும் யோசித்திருக்கவில்லை. குழியை யோசித்தார்கள், நாயை யோசித்தார்கள், நிறுத்துவதை அங்குலம் அங்குலமாக யோசித்தார்கள். வண்டி முதல் கியரில் நின்றுகொண்டிருந்தது. கியரை எடுக்க வேண்டுமென்றால் வலது கையை அசைக்க வேண்டும், வலது கையின் தோளில் அவள் தலை இருந்தது, வேறு யார் எடுத்தாலும் கியர் தண்டின் சத்தத்தில் முழித்துக்கொள்வாள். இஞ்சினை அணைத்தால் அதிர்வு நின்றுபோகும், போய்க்கொண்டிருக்கிறோம் என்று அவன் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கிளட்சை விட்டால் வண்டி குதிக்கும். ஆகவே அவன் மிதித்த காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

இருட்டி, விடிந்தது. கார் பெட்ரோலைத் தண்ணீராகக் குடித்தது; ஆளுக்குக் கொஞ்சமாக பைக்கிலிருந்து உறிஞ்சிக் கொண்டுவந்து, புனலில் துணி வைத்து, சத்தமில்லாமல் ஊற்றினார்கள். டீக்கடை அக்கா அவன் வாயில் டீயை ஸ்பூனால் விட்டாள். லாரிகள் தெருமுனையிலேயே இஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தன. தீபன் அமெரிக்கப் பொட்டியை மினிலாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவன், நின்றிருந்தவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வந்து பார்த்தான்.

"நான் அப்பறம் வர்றேனுங் பாய்," என்று கிசுகிசுத்தான்.

"எப்ப வருவே?" என்றார் பாய்.

தீபன் போய் மினிலாரிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டான்.

வெயில் ஏறியது. அர்த்தனாரியின் நெற்றியில் வேர்வை கோத்தது. உதடு மட்டும் அசைய, காற்றைவிடக் கொஞ்சமே சத்தமாக, "பாய்," என்றான்.

பாய் திறந்திருந்த கதவுக்கு அருகே மண்டியிட்டார்.

"கால் மரத்துப்போச்சு பாய்."

பாய் கையை உள்ளே விட்டார். மடித்து ஊக்குப் போட்ட லுங்கிக்குக் கீழே, ஒன்றுமில்லாத இடத்தில், இரண்டு கையையும் குவித்து மெதுவாகப் பிடித்துவிடத் தொடங்கினார். கிரீஸ் ஏறிய விரல்கள் வெறும் காற்றை அழுத்தி அழுத்தி விட்டன.

"இங்கயா?"

"இன்னும் கீழ."

"இங்க?"

"அங்கதான்."

பின்னாலிருந்து ராசாமணி வந்து பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கே பிடிக்க வேண்டும் என்று தெரியாமல் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். பெடல் நடுங்கியது. ஒரு நூல் அளவு மேலே வந்தது, அவன் பல்லைக் கடித்தான், மறுபடி தரைக்குப் போனது, மறுபடி நடுங்கியது. அவன் தோளில் சட்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, நிதானமாக, நெடுந்தூரம் போகிறவர்கள் தூங்குவது மாதிரி.